மலை வீடுகளின் இத்தாலியச் சமையல்: வாசகர் கேள்வி பதில்

இத்தாலியச் சமையல் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் பல வட்டாரங்களின், பல பள்ளத்தாக்குகளின் தனித்தனிச் சமையல் என்றும், நம் மலைகளில் வாழ்கிறவர்கள் அந்நாட்டின் மலை வீடுகளிலிருந்தே கற்கத் தொடங்கலாம் என்றும் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

அம்மா, உணவகங்களில் வெள்ளை சாஸ் ஊற்றித் தருகிற பாஸ்தாதான் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த இத்தாலிய உணவு. எங்கள் தோட்டத்தில் விளைகிற முட்டைக்கோஸையும் உருளைக்கிழங்கையும் கொண்டு, அந்த ஊர் வீடுகளில் உண்மையாகவே சமைக்கிற உணவு ஏதேனும் ஒன்றைச் சொல்ல முடியுமா?
வாசகி, குன்னூர்

வெள்ளை சாஸ் இத்தாலிக்கு முற்றிலும் அந்நியமானது என்று சொல்லிவிட முடியாது. எமிலியா பகுதியில் லசான்யா என்னும் அடுக்குப் பாஸ்தாவின் அடுக்குகளுக்கு நடுவே அது மெல்லியதாகப் பூசப்படுகிறது. ஆனால் எந்தக் காய்கறியையும் எந்தப் பாஸ்தாவையும் அதில் மூழ்கடித்துத் தருகிற வழக்கம் அந்நாட்டு வீடுகளுக்கு உரியதன்று. இத்தாலி ஒரே அரசாக அறிவிக்கப்பட்டதே 1861ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பு பல நூற்றாண்டுகள் தனித்தனி அரசுகளாகவும் சிற்றரசுகளாகவும் பிரிந்து கிடந்த நிலத்தில், ஒவ்வொரு வட்டாரமும் தன் மண்ணில் எது விளைந்ததோ, தன் மலைவழியில் எது வந்து சேர்ந்ததோ அதைக் கொண்டே சமைத்தது. ஆகவே உங்கள் தோட்டத்திலிருந்து தொடங்க நினைத்தீர்களே, அதுதான் சரியான தொடக்கம்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது பிட்சோக்கெரி. லொம்பார்தி வட்டாரத்தின் வடக்கே, ஆல்ப்ஸ் மலையடுக்குகளுக்கு நடுவில் இருக்கிற வால்தெல்லினா பள்ளத்தாக்கின் உணவு அது. தேலியோ என்னும் சிற்றூர் அதைத் தன் உரிமையாகவே கருதிக் காத்து வருகிறது. கோதுமை நன்றாக வராத குளிர்ந்த மலைச்சரிவுகளில் பக்வீட் என்னும், கோதுமையோடு உறவில்லாத தானியம் விரைவாக விளைந்துவிடும் என்பதால், அங்கே பாஸ்தாவையே பக்வீட் மாவில் செய்தார்கள். 400 கிராம் பக்வீட் மாவுக்கு 100 கிராம் கோதுமை மாவு என்பது தேலியோவின் அளவு. பக்வீட்டில் குளூட்டன் என்னும் ஒட்டும் புரதம் இல்லாததால், அந்தச் சிறிதளவு கோதுமைதான் மாவை உடையாமல் பிடித்து வைக்கிறது. வெறும் தண்ணீர் விட்டுப் பிசைந்து, சப்பாத்தியைவிடச் சற்றுத் தடிப்பாகத் தேய்த்து, விரல் நீளமுள்ள பட்டைகளாக வெட்டிக்கொள்ள வேண்டும்.

பெரிய பாத்திரத்தில் உப்புப் போட்ட தண்ணீர் கொதிக்கும்போது, சிறு துண்டுகளாக்கிய உருளைக்கிழங்கையும் நீளவாக்கில் அரிந்த முட்டைக்கோஸையும் முதலில் போடுங்கள். சுமார் ஐந்து நிமிடம் கழித்து வெட்டிய பட்டைகளை அதே தண்ணீரில் போடுங்கள். எல்லாம் வெந்ததும் அரிகரண்டியால் வடித்து எடுத்து, சூடான தட்டில் ஒரு அடுக்கு, அதன்மேல் துருவிய சீஸ், மறுபடி ஒரு அடுக்கு, மறுபடி சீஸ் என்று அடுக்கி, கடைசியாகப் பூண்டு போட்டுச் சிவக்கக் காய்ச்சிய வெண்ணெயை மேலே ஊற்றி, மிளகு தூவிப் பரிமாற வேண்டும். ஊற்றியபின் கிளறக் கூடாது. வெண்ணெயைக் குறைக்கவும் கூடாது: பனிக்காலத்தில் மலைச்சரிவில் உழைத்துத் திரும்புகிறவர்களுக்காகப் பிறந்த உணவு இது, அந்தக் கொழுப்பு இல்லாவிட்டால் வெறும் வேகவைத்த கோஸாகிவிடும்.

அவர்கள் போடுவது காசெரா என்னும் அவ்வூர்ச் சீஸ். நம் மலைகளில் தயாராகும் கூடா வகைச் சீஸ் அதன் வேலையை நன்றாகவே செய்யும். டப்பாவில் வருகிற பதப்படுத்திய சீஸ் செய்யாது. பக்வீட் மாவை நவராத்திரி விரதத்துக்காக வட இந்தியர்கள் வாங்குவதால், கோயம்புத்தூர்க் கடைகளில் ‘குட்டு ஆட்டா’ என்ற பெயரில் கிடைக்கும். அரைத்து நாளானது கசக்கும் என்பதால் தேதி பார்த்து, கொஞ்சமாக வாங்குங்கள். கிடைக்காத நாளில் ராகி மாவும் கோதுமை மாவும் பாதிக்குப் பாதி கலந்து செய்தால் அது பிட்சோக்கெரி ஆகாது; ஆனாலும் தேலியோவின் பாட்டிமார்கள் நீலகிரியில் பிறந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பாக்கெட்டில் பத்து நிமிடம் என்று போட்டிருந்தாலும் ஊட்டியில் பாஸ்தா நடுவில் வேகாமல் நிற்கிறதே, ஏன்?
வாசகர், உதகமண்டலம்

உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே தண்ணீர் ஏறத்தாழ 92 முதல் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் தண்ணீர் ஆவியாகுமே தவிரச் சூடு ஏறாது. எனவே பாக்கெட்டில் சொன்ன நேரம் முடிந்ததும் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, அங்கிருந்து நிமிடம் நிமிடமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். உப்புப் போட்டால் கொதிநிலை ஏறும் என்று சிலர் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம். லிட்டருக்குப் பத்து கிராம் உப்பு கால் டிகிரிகூட ஏற்றாது, அது சுவைக்காகத்தான். பாஸ்தாவைப் பிரஷர் குக்கரில் வைக்காதீர்கள், நுரைத்து விசில் துவாரத்தை அடைத்துவிடும்.

எங்கள் ஊர் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபின் வெளியூர்க்காரர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள். இத்தாலியில் பூண்டையே முதன்மையாக வைத்துச் செய்யும் உணவு உண்டா?
வாசகர், பூம்பாறை

உண்டு, அதைச் சொல்வதற்குப் பூம்பாறையைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. வடமேற்கு இத்தாலியில் இருக்கிற பியமோந்தே வட்டாரத்தில், திராட்சை அறுவடை முடிந்து குளிர் இறங்கும் காலத்தில் குடும்பமும் அண்டை வீட்டாரும் சுற்றி உட்கார்ந்து உண்ணுகிற பாஞ்ஞா காவுதா என்னும் உணவு, பூண்டு, உப்பிட்ட நெத்திலி, ஆலிவ் எண்ணெய் ஆகிய மூன்றே பொருள்களால் ஆனது. பழைய கணக்குப்படி உண்பவர் ஒருவருக்கு ஒரு முழுப் பூண்டு. தோலுரித்து, உள்ளே இருக்கிற முளையை நீக்கிய பற்களை மண்சட்டியில் எண்ணெயோடு இட்டு, தணலைப் போன்ற மிகச் சிறு தீயில், நிறம் மாறவே விடாமல், மசிந்து கரையும்வரை கிளறுகிறார்கள். பிறகு கழுவி முள் நீக்கிய நெத்திலியைச் சேர்த்தால் அதுவும் கரைந்துவிடும். காரம் தணிய வேண்டும் என்று நினைப்பவர்கள் பூண்டை முதலில் பாலில் வேகவைத்துக்கொள்கிறார்கள். கொதிக்கவோ பொரியவோ விட்டால் கசப்பு ஏறிவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. சட்டியை மேசை நடுவே சிறு கனலின்மேல் சூடாகவே வைத்து, முட்டைக்கோஸ், குடைமிளகாய், வேகவைத்த பீட்ரூட், உருளைக்கிழங்கு என்று அந்தப் பருவத்தில் கிடைக்கும் காய்களை ஒவ்வொருவரும் அதில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். கடைசியில் சட்டியில் எஞ்சியிருப்பதில் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறித் தின்பதும் வழக்கம்.

பியமோந்தேவுக்குக் கடலே இல்லை. அப்படியிருக்க நெத்திலி எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கக்கூடும். தெற்கே இருக்கிற லிகூரியக் கடற்கரையிலிருந்து உப்பு வாணிகம் நடந்த மலைப்பாதைகள் வழியாகவே உப்பிட்ட மீனும் மேலேறி வந்தது. மாய்ரா என்னும் மலைப்பள்ளத்தாக்கின் ஆண்கள், பனி மூடி வயல்வேலை ஒன்றும் இல்லாத மாதங்களில் வண்டியில் நெத்திலிப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு சமவெளி முழுவதும் ஊர் ஊராகத் தள்ளிச் சென்று விற்றார்கள். கடலைப் பார்க்காத மலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடல்மீனை விற்றுப் பிழைத்த இந்த வரலாறு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

நம் நெத்திலிக் கருவாட்டை அப்படியே போடலாமா என்று நீங்கள் யோசித்தால், வேண்டாம் என்பதே என் பதில். கருவாடு வெயிலில் ஈரம் இழந்து காய்ந்தது. அவர்களுடைய நெத்திலி உப்புக்குள்ளேயே பல மாதங்கள் அழுத்தப்பட்டு, தன் சதை தானே இளகிப் பக்குவமானது. எண்ணெயில் கரைவது அதனால்தான். எண்ணெயில் போட்ட நெத்திலி புட்டிகளில் விற்கப்படுகிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மலைப்பூண்டின் காரம் சமவெளிப் பூண்டைவிடக் கூடுதல் என்பதால், முதல் முறை பாலில் வேகவைத்தே செய்து பாருங்கள்.

நாங்கள் படுகர். எங்கள் வீட்டில் ராகிக் களி இன்றும் உண்டு. பொலெண்டாவும் மக்காச்சோளத்தில் கிண்டிய களிதானா?
வாசகி, கோத்தகிரி

ஆம், களிதான், ஆனால் அது மக்காச்சோளத்துக்கு முன்பே பிறந்துவிட்ட களி. அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளம் வந்து 16ஆம் நூற்றாண்டில் வடகிழக்கு இத்தாலியின் வெனேத்தோ வயல்களில் ஊன்றப்படுவதற்கு முன்பு, வட இத்தாலியின் ஏழைகள் தினையிலும் பனிவரகிலும் பக்வீட்டிலும் உலர்த்திய கஷ்கொட்டை மாவிலும் இதைக் கிண்டினார்கள். மக்காச்சோளம் அதிகம் விளைந்ததால் மற்றவை மெல்ல ஒதுங்கின. விளைந்த கோதுமையை நிலவுடைமையாளருக்குக் கொடுத்துவிட்டு, உழவர் குடும்பங்கள் காலையும் மாலையும் மக்காச்சோளக் களியை மட்டுமே உண்ணும் நிலை வந்தபோது, பெல்லாக்ரா என்னும் கொடிய நோய் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வெனேத்தோவிலும் லொம்பார்தியிலும் பரவியது. வெயில் பட்ட தோல் வெடித்து, வயிற்றுப்போக்கு கண்டு, சித்தம் கலங்கி, மடிந்துபோனவர்கள் ஏராளம். மக்காச்சோளத்தில் இருக்கிற நியாசின் என்னும் உயிர்ச்சத்து உடம்புக்குக் கிடைக்காத வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. மெக்சிகோவின் மக்கள் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அந்தக் கட்டை அவிழ்த்துத்தான் உண்டார்கள். கடல் கடந்து விதை வந்தது, அந்தப் பக்குவம் வரவில்லை. நோய்க்கு மருந்து நியாசின்தான் என்ற உண்மை 1937ஆம் ஆண்டுக்குப் பிறகே துலங்கியது.

இதை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஏழைகளின் உணவு என்று இன்று பெருமையாகப் பேசப்படும் பலவற்றுக்குப் பின்னால் இப்படிப்பட்ட பசி இருக்கிறது. அதை மறைத்துவிட்டுச் செய்முறையை மட்டும் சொல்வது நேர்மையாகாது. உங்கள் வீட்டில் ராகியோடு அவரையும் கீரையும் சேர்ந்தே இலைக்கு வருவதை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

பொலெண்டா செய்ய, ஒரு பங்கு மக்காச்சோள ரவைக்கு நான்கு அல்லது ஐந்து பங்கு தண்ணீர். கொதிக்கும் உப்புநீரில் ரவையை மழைபோலத் தூவி, கட்டி விழாமல் கிளறி, முக்கால் மணி நேரமாவது சிறு தீயில் விட வேண்டும். கடையில் ‘கார்ன்ஃப்ளார்’ என்று கேட்டுவிடாதீர்கள், அது வெறும் வெண்ணிற மாவுச்சத்து. வெந்த களியை மரப்பலகையில் கவிழ்த்து நூலால் அறுத்துப் பரிமாறுவது பழைய முறை; மீந்ததை மறுநாள் துண்டு போட்டுத் தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு முறுகச் சுட்டால், முதல் நாளைவிட அதுவே மேல் என்பேன்.

பனீர் வடித்த தண்ணீரை மறுபடி காய்ச்சினால் ரிகோட்டா திரளும் என்று படித்தேன். எவ்வளவு காய்ச்சியும் ஒன்றும் வரவில்லை. தவறு எங்கே?
வாசகி, கேத்தி

உங்கள் கையில் தவறு எதுவும் இல்லை. பாலில் கேசின் என்றும், திரிந்தபின் தெளிநீரிலேயே தங்கிவிடும் வேறு வகை என்றும் இரு புரதங்கள் இருக்கின்றன. இத்தாலிய ஆட்டிடையர்கள் இளஞ்சூடான பாலில் ரென்னெட் என்னும் திரிபொருளைச் சேர்த்துச் சீஸ் எடுக்கும்போது கேசின் மட்டுமே திரள்கிறது. மற்றது தெளிநீரில் அப்படியே நிற்கிறது. அந்தத் தெளிநீரை 85, 90 டிகிரிவரை சூடாக்கும்போது மிதந்து வருவதே ரிகோட்டா. சீஸை விற்றுவிட்டு, மீந்த நீரிலிருந்தும் பிள்ளைகளுக்கு உணவு எடுத்த வீடுகளின் கண்டுபிடிப்பு அது. நாமோ பாலை முழுக்கக் கொதிக்கவைத்து எலுமிச்சை பிழிகிறோம். அந்தச் சூட்டில் இரண்டாம் புரதமும் கேசினோடு ஒட்டிக்கொண்டு பனீருக்குள்ளேயே போய்விடுகிறது. எஞ்சிய தண்ணீரில் திரள எதுவும் இல்லை. அதைச் சப்பாத்தி மாவு பிசையவோ ரசத்துக்கோ பயன்படுத்துங்கள்.

ரிகோட்டாவுக்கு நெருக்கமானது வேண்டுமென்றால், பாலைக் கொதி வருவதற்குச் சற்று முன்னே இறக்கி, கொஞ்சமாக எலுமிச்சைச் சாறு விட்டு, கிளறாமல் கால் மணி நேரம் விட்டு, துணியில் பிழியாமல் தானாகவே வடியவிடுங்கள். அன்றைக்கே உண்டுவிட வேண்டும்.

பார்மேசன் சீஸ் சைவமா?
வாசகர், கொடைக்கானல்

பார்மா, ரெஜ்ஜியோ பகுதிகளில் தயாராகும் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜியானோ கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் திரிக்கப்படுவது; சட்டப்படி வேறெந்த ரென்னெட்டையும் சேர்க்க முடியாது. சைவ உணவுக்காரர்கள் நம் நாட்டிலேயே நுண்ணுயிர் ரென்னெட்டால் செய்த கெட்டிச் சீஸைப் பச்சைப் புள்ளி பார்த்து வாங்கலாம்.

திருநீற்றுப்பச்சிலையில் பெஸ்டோ அரைக்கலாமா?
வாசகி, வில்பட்டி

பெஸ்டோ என்பது பேசில் இலையை அரைத்துச் செய்யும் பச்சை விழுது. பேசிலும் திருநீற்றுப்பச்சிலையும் தாவர இனம் ஒன்றே, வாசனை வேறு. நம் திருநீற்றுப்பச்சிலை சூடான மருந்துவாசனை கொண்டது. லிகூரியாவில் ஜெனோவாவைச் சுற்றி வளர்ப்பது இளம் இலையாகவே பறிக்கப்படும் மென்மையான வகை. அந்த விதையை வாங்கித் தொட்டியில் விதையுங்கள். மார்கழி, தை மாதங்களில் உறைபனி பட்டால் ஒரே இரவில் கருகிவிடும் என்பதால், தொட்டியைச் சன்னலுக்கு உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். உரலில் பூண்டும் உப்பும் முதலில், பிறகு இலை, பிறகு பைன் விதைப் பருப்பு, சீஸ், கடைசியாக எண்ணெய். பைன் விதை கிடைக்காவிட்டால் வால்நட் போடலாம். முந்திரி தித்திப்பைக் கூட்டிவிடும். மிக்சியில் அரைப்பதானால் விட்டுவிட்டுச் சுற்றுங்கள், சூடேறினால் இலை கருத்துப்போகும்.

ஜெனோவாவின் வீடுகளில் பெஸ்டோவைப் பாஸ்தாவோடு மட்டும் உண்பதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதே கொதிநீரில் முதலில் உருளைக்கிழங்குத் துண்டுகள், பின் பச்சை பீன்ஸ், பின் பாஸ்தா என்று போட்டு எல்லாவற்றையும் சேர்த்து வடித்து, வடித்த நீர் ஒரு கரண்டி விட்டு இளக்கிய பெஸ்டோவில் பிரட்டுவார்கள். பெஸ்டோவை மட்டும் அடுப்பில் ஏற்றவே கூடாது. கொடைக்கானல் சந்தையின் உருளைக்கிழங்கும் பீன்ஸும் இதற்கென்றே விளைந்தவை.

இத்தாலியர்கள் காரமே உண்பதில்லையா?
வாசகர், கூடலூர்

தெற்கே காலாப்ரியாவில் உண்கிறார்கள். ஸ்பிலிங்கா ஊரின் இந்தூயா என்னும் பன்றியிறைச்சிக் கூழ் மிளகாயாலேயே சிவந்திருக்கும். அதன் பக்கத்து வட்டாரமான பசிலிகாட்டாவில், செனீசே ஊரின் காரமற்ற நீள மிளகாயைச் சரமாகக் கோத்து வெயிலில் உலர்த்தி, சூடான எண்ணெயில் ஓரிரு நொடி பொரித்து நொறுக்கி உணவின்மேல் தூவுவார்கள். மோர் மிளகாய் பொரிக்கத் தெரிந்த கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆண்டுதோறும் எங்கள் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்குச் சோறு போடுகிறோம். இத்தாலியில் யாத்திரையோடும் விரதத்தோடும் சேர்ந்த உணவுகள் உண்டா?
வாசகி, தாண்டிக்குடி

சார்டினியத் தீவில், நுவோரோ நகரத்திலிருந்து லூலா ஊரின் புனித பிரான்சிஸ் ஆலயத்துக்கு, மே மாதத்தில், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவை மக்கள் இரவில் நடந்தே கடக்கிறார்கள். வந்து சேர்கிறவர்களுக்கு அங்கே தரப்படுவது சு ஃபிலிந்தேவ் என்னும் பாஸ்தா போட்ட ஆட்டிறைச்சிச் சாறு. ரவையும் தண்ணீரும் உப்பும் மட்டுமே சேர்ந்த மாவைக் கைகளால் இழுத்து, மடித்து, மறுபடி இழுத்து, எட்டு மடிப்பில் 256 இழைகளாக்கி, புல்லால் முடைந்த வட்டத் தட்டின்மேல் மூன்று அடுக்காக, ஒன்றுக்கொன்று குறுக்காகப் பரப்பி வெயிலில் உலர்த்துகிறார்கள். காய்ந்தபின் மெல்லிய துணிபோல இருக்கும் அதை ஒடித்துச் சாற்றில் போட்டு, புளிப்பேறிய ஆட்டுப்பால் சீஸ் சேர்த்துக் கொடுப்பார்கள். மாவுக்கு எப்போது ஈரம் வேண்டும், எப்போது உப்புநீர் வேண்டும் என்பதை விரல்கள்தான் அறியும் என்பதால், நுவோரோவின் மிகச் சில பெண்களுக்கு மட்டுமே இந்தக் கலை கைவந்திருக்கிறது. இது அழிந்துவிடக் கூடாதே என்ற கவலை அந்தத் தீவுக்கு மட்டும் உரியதன்று. கைப்பக்குவத்தால் வாழ்கிற எந்த ஊர் உணவையும் நேசிக்கிறவர்களுக்கும் உரியது.

உங்கள் வீட்டில் இப்போதே செய்யக்கூடியது சிசிலியின் குச்சீயா. டிசம்பர் 13, புனித லூசியாவின் திருநாள். 1646ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது அந்தப் புனிதையின் அருளால் தானியக் கப்பல் வந்து சேர்ந்தது என்றும், பசியில் இருந்த மக்கள் அதை மாவாக அரைக்கவும் பொறுக்காமல் முழுக் கோதுமையாகவே வேகவைத்து உண்டார்கள் என்றும் சிசிலியில் சொல்கிறார்கள். அதனால் அன்று பலர் ரொட்டியும் பாஸ்தாவும் தொடுவதில்லை. வேகவைத்த கோதுமையையே உண்கிறார்கள். முழுக் கோதுமையைத் தினமும் தண்ணீர் மாற்றி மூன்று நாள் ஊறவைத்து, பிரஷர் குக்கரில் மணி மணியாக மலரும்வரை வேகவைத்து, நன்றாக வடித்து, ஆறியபின் சர்க்கரையோ தேனோ கலந்த ரிகோட்டாவில் பிரட்டுங்கள். அங்கே ஆரஞ்சுத் தோல் மிட்டாயும் சேர்ப்பார்கள். உங்கள் மலையின் ஆரஞ்சுத் தோலைப் பாகில் போட்டு உலர்த்தி, பொடியாக நறுக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். கோதுமையைச் சூடாக இருக்கும்போதே ரிகோட்டாவில் கொட்டினால் நீர்த்துவிடும், அதற்கு மட்டும் பொறுமை வேண்டும்.